வாய்க்கு அளவெடுத்த ஆள்

பல்லாவரம் பாலத்தில் இருந்து குன்றத்தூர் மலையடி வரைக்கும் தேடிப் பாருங்கள், எங்கள் தெரு குடிச்சுக்காட்டு அண்ணனைவிட மனிதர்களை அதிகமாக இருமவைத்த ஆள் கிடைக்கமாட்டார். பீடி, சிகரெட் எதுவும் வேண்டாம் அவருக்கு. வெறும் தண்ணீரைக் கையில் கொடுத்தே இருமவைப்பார்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டில் போட்டிருப்பார்கள். தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிப் போகிற சந்தில், நான் வேலை பார்த்த மாவு மில்லுக்கும் அவருடைய கடைசல் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். கட்டில் கால், சப்பாத்திக் கட்டை, பம்பரம், தொட்டில் கம்பு என்று மரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு உளியால் கடைகிற வேலை எதுவானாலும் செய்வார். அதெல்லாம் அவருக்குச் சோறு போட்ட வேலை. திமிர் ஏற்றிய வேலை ஒன்று தனியாக இருந்தது, வேங்கை மரத்து டம்ளர்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வேங்கை டம்ளரில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால், காலையில் டீத்தண்ணி நிறத்துக்கு மாறி ஓரத்தில் லேசாக நீலம் தட்டும். அதைக் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்பார்கள். இறங்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் பக்கம் சர்க்கரை இல்லாத வீடே கிடையாது, அதனால் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள்.

மற்ற கடையில் டம்ளர் கேட்டால் டம்ளர் கொடுப்பார்கள். இவர் முதலில் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீரைக் கொடுப்பார். எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, முட்டிமேல் முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்து, உங்கள் தொண்டையையே பார்த்தபடி சொல்வார்.

"குடிச்சுக் காட்டு."

அண்ணாந்து குடிக்கிற ஆளா, வாய் வைத்துக் குடிக்கிற ஆளா என்று தெரியாமல் உளியைத் தொடமாட்டார். அண்ணாந்து குடித்தால் விளிம்பு வெளியே மலர்ந்திருக்க வேண்டுமாம், தண்ணீர் ஒரே கம்பியாக விழ. வாய் வைத்தால் விளிம்பு மெலிசாக உள்ளே வளைய வேண்டுமாம். பெரிய வாய்க்கு ஒரு அகலம், அவசரக் குடிக்கு ஒரு ஆழம். துணிக்கு அளவெடுக்கிற டெய்லரைப் பார்த்திருக்கிறோம். வாய்க்கு அளவெடுக்கிற ஆளை எங்கே பார்த்தோம்? எதிரில் ஒருத்தர் மீசையெல்லாம் மரத்தூளோடு உங்கள் தொண்டைக்குழியையே முறைத்துக்கொண்டிருந்தால், பச்சைத் தண்ணீராவது உள்ளே இறங்குமா? எல்லோருக்கும் புரையேறும். இருமி முடித்துக் கண்ணைத் துடைத்தால், "இப்ப ஒயுங்கா குடி" என்று மறுபடியும் ஊற்றுவார்.

பம்மல் காலனியில் இருந்து ரிட்டயர்டு பேங்க் சார் ஒருத்தர் வாக்கிங் வந்தவர், அப்படியே பட்டறைக்குள் நுழைந்துவிட்டார். வெள்ளை ஷூ, கழுத்தில் சின்ன டவல். தண்ணீரைக் கொடுத்ததும் அவர், காபி குடிக்கிற பழக்கத்தில், ஸ்ஸ் ஸ்ஸ் என்று இழுத்தார். எங்கள் மில் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"சார், நீ குடிக்கல, உறியற."

"என்னப்பா பேசற நீ? டம்ளர் இருக்கா இல்லையா?"

"கீது. ஆனா உன் வாய்க்கு டம்ளரு வேஸ்ட்டு. ஒரு ஸ்ட்ரா வாங்கிக்கோ சார், சொகமா இர்க்கும்."

பேங்க் சார் மில் வாசலுக்கு வந்து என்னிடம் நியாயம் கேட்டார். "இந்த ஆளுக்கு மரியாதையே தெரியாதாம்மா?" அண்ணன் பேசின பேச்சுக்கு நான் ஒரு வாரம் காலனிப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை, ஏனென்றால் அந்தச் சார் வீட்டில்தான் எங்களுக்குக் கோதுமை ஆர்டர். மரியாதைக் குறைவு அவருடையது, வசவு எனக்கு.

கோவிலம்பாக்கத்தில் இருந்து ஒரு அக்கா போன் பண்ணினார். வீட்டுக்காரருக்கு லீவு இல்லை, வர முடியாது, அவர் தண்ணீர் குடிப்பதை வீடியோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டார். இவரும் சரி என்றார். நல்ல சட்டை போட்டுத் தலை வாரிக்கொண்டு அந்த மனிதர் தண்ணீர் குடித்த வீடியோ வந்தது. இவர் அதைப் பார்த்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "சைடுல எடுத்து அனுப்பும்மா. தொண்ட தெர்ல." சைடில் எடுத்து அனுப்பினார்கள். "சட்டைக் காலரு மறைக்குது. கழட்டிட்டு குடிக்கச் சொல்லு." அதற்குப் பிறகு அந்த நம்பரில் இருந்து ஒன்றும் வரவில்லை.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது அந்தக் கல்யாணம்தான். பெண்ணைப் பெற்றவர் ஒருத்தர், தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் ஆளுக்கொரு வேங்கை டம்ளர் கொடுக்கலாம் என்று ஆசையாக வந்தார். எவ்வளவு பெரிய ஆர்டர் பாருங்கள். இவர் கேட்டார், "வர்றவங்க அத்தினி பேரையும் இங்க இட்டாருவியா?"

அவர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

"சரி வுடு. நானே மண்டபத்துக்கு வந்து பந்தில பாத்துக்கறேன்."

அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணத்தன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போய், பந்தி வரிசைக்குப் பின்னால் நின்று, சாப்பிடுகிற ஒவ்வொருத்தர் கழுத்தையும் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறார். பெண்ணின் தாய்மாமன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"இன்னாய்யா, பொம்பளைங்க கய்த்தையே பாத்துகினு வர்ற? செயினா?"

சமையல்கட்டில் அரிசி மூட்டைமேல் உட்காரவைத்து, நாலு பேர் காவல் நின்றார்கள். எங்கள் மில் முதலாளிதான் போய், "திருடன் இல்லப்பா, பைத்தியம்" என்று எடுத்துச் சொல்லிக் கூட்டிவந்தார். திருடன் என்று சொன்னதில் இவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வழி நெடுக வேறு புலம்பல்.

"அல்லாரும் பாட்டில்ல குடிக்கிறானுங்க மொதலாளி. பாட்டில்ல குடிக்கிற வாயில நான் இன்னாத்த பாக்கறது?"

பட்டறைக்கு வந்ததும் நான் கேட்டேன், "அண்ணா, கல்யாணத்தன்னிக்கு வாயப் பாத்துட்டு, டம்ளரு எப்ப கடைவ? எப்ப குடுப்பாங்க?"

கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கொயந்த பொறந்தா காது குத்துவாங்க இல்ல, அப்ப குடுக்கட்டும்."

கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். எனக்கு அந்த ஆள்மேல் கோபம்தான். போன தை மாசம் அம்மா செத்துப்போனதில் இருந்து எனக்கு எல்லார்மேலும் கோபம் வருகிறது. பால்காரர் மணி அடித்தால் கோபம், பக்கத்து வீட்டில் டிவி ஓடினால் கோபம். அதிலெல்லாம் நியாயம் இல்லை என்று எனக்கே தெரிகிறது. குடிச்சுக்காட்டு அண்ணன்மேல் வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

அம்மா தாம்பரத்தில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் பாத்திரம் கழுவினாள். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அதே வேலை. டம்ளர் டம்ளராகத் தேய்த்து, ஒவ்வொரு விளிம்பிலும் ஒவ்வொரு உதடு ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பார்த்து, அவளுக்கு டம்ளரில் வாய் வைப்பதென்றாலே குமட்டும். "ஊரு எச்சியத் தேய்ச்ச கையிடி இது. என் வாய்ல டம்ளரு படாது" என்பாள். கொதிக்கிற காபியைக்கூட அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வாள். ஒரு சொட்டு மேலே சிந்தாது. வீட்டில் நான் தெரியாமல் சொம்பில் வாய் வைத்துவிட்டால் முதுகில் ஒன்று விழும்.

அப்படிப்பட்டவள், சாவதற்கு முந்தின சித்திரை வெயிலில், மெஸ்ஸிலேயே விழுந்தாள். வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம் எல்லாம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அண்ணாந்து குடிக்கவே கூடாது, புரையேறித் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விடும். நிமிர்த்தி உட்காரவைத்து, வாய் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவேண்டும். தண்ணீர் குறைந்தால் கிட்னி தாங்காது. நர்ஸம்மா ஒரு பிளாஸ்டிக் டம்ளர் எழுதிக் கொடுத்தார், குழந்தைகளுக்குக் கொடுப்போமே, மூக்கு வைத்த டம்ளர், அது.

வாங்கிவந்து நீட்டினேன். அம்மா அதைப் பார்த்தாள். நல்லா இருந்த இடது கையால் தட்டிவிட்டாள். டம்ளர் கட்டிலடியில் போய் விழுந்தது.

அதோடு தண்ணீரை நிறுத்திவிட்டாள். ஸ்பூனில் கொடுத்தால் மாத்திரைக்காக இரண்டு மூன்று விழுங்குவாள், அப்புறம் பல்லைக் கடித்துக்கொள்வாள். கெஞ்சினேன், திட்டினேன், காலைப் பிடித்தேன். உதடு வெடித்துப் போனது. மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் டிரிப்ஸ் ஏற்றினோம். இன்னொரு முறை இப்படி வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நான் நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"அண்ணா, அம்மாவுக்கு ஒரு டம்ளரு வேணும். அவங்களால குடிக்க முடியற மாரி."

மெஷினை நிறுத்தக்கூட இல்லை. "அம்மாவ இட்டா."

"நடக்க முடியாதுண்ணா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆட்டோல இட்டா."

"உக்காரவே முடியல அவங்களால. நான் சொல்றேன் கேட்டுக்கோ. வாய் ஒரு பக்கமா..."

"நீ சொல்றத வெச்சிக் கடைஞ்சா, அது நீ சொன்ன டம்ளரு. அதுல அவங்க எப்டி குடிப்பாங்க?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. எவனெவனோ வாயை நாள் முழுக்கப் பார்க்கிறாய், என் அம்மா தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடக்கிறாள், உன் சட்டமெல்லாம் அவளிடம்தானா, நீயெல்லாம் மனுஷனா, மரமா என்று கேட்டேன். மாவு அரைக்க வந்த பெண்கள் எல்லாம் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். அவர் மரத்தூளை ஊதிவிட்டுச் சொன்னார்.

"வேங்கை மரத்தத் திட்டாத. அது இன்னா பண்ச்சி உன்னை?"

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. கையில் அவருடைய ஸ்டூல். எங்கள் வீட்டில் உட்கார ஒன்றும் இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. கட்டிலுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை நீட்டினார்.

"யக்கா, குடிச்சுக் காட்டு."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வேற்று ஆம்பிளை முன்னால் ஒழுகுகிற வாயைக் காட்டச் சொன்னால் எந்தப் பொம்பளை காட்டுவாள்? அவர் எழுந்து போகவில்லை. விளக்கு வைக்கிற வரைக்கும் அம்மாவுடைய முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாளும் ஸ்டூலோடு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். தெருவில் என்ன பேசுவார்கள் என்று நான் வாசலிலேயே நின்றேன். பேசத்தான் பேசினார்கள்.

"உங்க வூட்டுக்கு ஸ்டூலு எடுத்துகினு யாருடி வர்றது, டிவி ரிப்பேரா?"

அந்த மூன்றாவது நாள் அவர் பொறுமை இழந்துவிட்டார். "இன்னா யக்கா, தண்ணி குடிக்கிறதுக்கு இத்தினி பிகு பண்ற? பேங்கு மேனேஜரே குடிச்சுக் காட்டிட்டுப் போறாரு."

அம்மா திரும்பினாள். நோய் வந்த பிறகு அவள் வார்த்தையெல்லாம் வழுக்கி வழுக்கித்தான் வரும். டம்ளரைக் காட்டி, "நீ," என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கி, "நீ குடி."

ஊரையே குடிக்கவைத்த ஆள் குடித்து யாரும் பார்த்ததில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டறையில்கூடச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டுதான் குடிப்பார். மனிதர் நெளிந்தார். "எனக்கு தாகம் இல்ல யக்கா" என்றார்.

"குடி," என்றாள் அம்மா.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கன்றுக்குட்டி தொட்டியில் வாய் விடுகிற மாதிரி முகத்தையே உள்ளே விட்டு, களக் களக் என்று ஒரு குடி குடித்தார். பாதித் தண்ணீர் மூக்கில் ஏறியது, மீதிப் பாதி சட்டைக்குள் போனது. மீசையில் இருந்த மரத்தூள் கரைந்து மோவாயில் ஓடியது. இருமினார் பாருங்கள், எங்கள் தெருவில் அப்படி ஒரு இருமலை நான் கேட்டதே இல்லை.

அம்மா சிரித்தாள். வாய் ஒரு பக்கமாகத்தான் போனது, ஆனாலும் சிரித்தாள். விழுந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

சிரித்துவிட்டு, இவனுக்கு நான் குடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்கிற மாதிரி இடது கையை நீட்டி டம்ளரைக் கேட்டாள். நான் ஊற்றிக் கொடுத்தேன். பழக்கத்தில் கை மேலே போனது, தலை பின்னால் சாய்ந்தது. நான் கத்துவதற்குள் அவர் அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

"மேல வேணாம் யக்கா. வாய் வெச்சிக் குடி."

"எச்சி," என்றாள் அம்மா. கண் நிறைந்துவிட்டது.

"இது இன்னிக்கு மட்டுந்தான். நான் உனுக்குன்னு ஒண்ணு கடையறேன். அத்த நீ மட்டுந்தான் குடிப்ப. ஒருத்தரும் தொடமாட்டாங்க. உன் எச்சி உனுக்கு இன்னா எச்சி?"

அம்மா டம்ளர் விளிம்பையே பார்த்தாள். அப்புறம் டம்ளரை உதட்டில் வைத்தாள். கொஞ்சம் உள்ளே போனது, மீதி வலது ஓரமாக வழிந்து கழுத்தில் இறங்கியது. என்னால் பார்க்க முடியவில்லை, வாசல்பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஆள் திரும்பவில்லை. இன்னும் குனிந்து, ஒழுகுகிற பைப்பைப் பிளம்பர் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆங். ரைட் சைடு லீக்கு."

"எங்கம்மா இன்னா கொயாயா?" என்று நான் எகிறினேன். அம்மா மறுபடியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வழிந்தது. யாரும் துடைக்கவில்லை.

டம்ளராவது உடனே வந்ததா? முதலில் கடைந்தது மொத்தமான விளிம்பு, அம்மாவுடைய உதடு அதைக் கவ்வவில்லை. அடுத்தது குடையும்போதே வெடித்தது. வெடித்த மரத்தை அவர் பெயர் சொல்லித் திட்டினார். மரத்துக்கு என்ன பெயர் என்று கேட்காதீர்கள், எங்கள் வார்டு கவுன்சிலர் பெயர்தான்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது அவருக்கு. அம்மா இடது பக்கமாகக் குடிக்கவேண்டும், அதனால் விளிம்பு இடது பக்கம் தாழ்ந்து, வலது பக்கம் ஏறியிருக்கவேண்டும். கடைசல் மெஷினில் எல்லாம் உருண்டையாகத்தானே வரும்? இவர் மரத்தை நடு மையத்தில் மாட்டாமல், வேண்டுமென்றே கோணலாக ஒதுக்கி மாட்டிச் சுற்றவிட்டார். கோணலாகச் சுற்றுகிற கட்டை மெஷினையே தூக்கித் தூக்கிப் போட்டது. தடார் தடார் என்று அடித்த அடியில் எங்கள் மில் சுவர் ஆடியது. பரணில் பல வருஷமாகப் படிந்திருந்த மாவு மொத்தமும் எங்கள் முதலாளி தலையில் கொட்டியது. வெள்ளை வெளேரென்று அவர் தெருவில் ஓடிவந்து நின்றார்.

"யோவ், இன்னா பூகம்பமா? சொவுரு இட்ஞ்சி வியப் போவுது, நிறுத்துய்யா."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "தோ ஆச்சி மொதலாளி. கொஞ்ச நேரம் சொவுரப் புட்ச்சிக்கோ."

முதலாளி நிஜமாகவே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் பிடித்தேன்.

அந்த டம்ளர் பார்க்க அழகாக இல்லை. ஒரு பக்கம் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அடி கனம், கை நடுங்கினாலும் சாயாது. முதல் தண்ணீரை ஊற்றிக் கொட்டிவிட்டு, இரண்டாவது தண்ணீரை அம்மா கையில் கொடுத்தார். அம்மா குடித்தாள். தாடையில் ஒரு சொட்டு வந்து நின்றது, அவ்வளவுதான். காலி டம்ளரை என்னிடம் நீட்டி, "இன்னும்," என்றாள்.

இதோடு அந்த ஆளைக் கும்பிட்டு விட்டிருப்பேன். விட்டாரா? மறுநாள் காலையில், நான் கடைக்குப் போன நேரம் பார்த்து வீட்டுக்கு வந்து, "ஒரு நூலு அளவு இன்னும் எடுக்கணும் யக்கா" என்று டம்ளரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா வேறு எதிலும் வாய் வைக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நல்ல வெயில். மத்தியானம் வரைக்கும் ஒரு சொட்டு இல்லை, உதடு வெள்ளையாகிவிட்டது. நான் பட்டறைக்கு ஓடினேன். மனிதர் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரசித்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணா, அம்மா காலைலேர்ந்து தண்ணி குடிக்கல."

"வர்றேன், வர்றேன். இன்னும் ஒரே ஒரு நூலு."

கையில் இருந்து பிடுங்கினேன். "உன் நூலக் கொண்டுபோய் ஆத்துல போடு. எங்கம்மா சாவணுமா உன் டம்ளரு அழகாவறதுக்கு?" என்று கேட்டுவிட்டு, தெருவென்றும் பார்க்காமல் அழுதுகொண்டே ஓடினேன். பின்னாலிருந்து குரல் வருகிறது.

"உப்புத்தாள் போடாத எடத்துல வாய் வெக்கச் சொல்லாத."

அம்மா அதற்குப் பிறகு மழையைப் பார்த்தாள், தீபாவளியைப் பார்த்தாள், பொங்கலுக்குக் கரும்பு கேட்டாள். தை முடிவதற்குள் இரண்டாவது முறை வாதம் வந்தது. அந்த முறை ஆஸ்பத்திரி வரைக்கும் போக நேரம் கொடுக்கவில்லை.

சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். என் பெரியம்மா, அம்மாவுடைய அக்கா, மார்பில் அடித்துக்கொண்டு அதையே ஒப்பாரியாக இழுத்தாள். ஒரு வாய்த் தண்ணிகூட நிம்மதியாகக் குடிக்காமல் போய்விட்டாயே என்று. கேட்கக் கேட்க எனக்குள் அது ஆணி மாதிரி இறங்கியது. நிஜமாகவே குடித்தாளா, எனக்காகத் தொண்டையை மட்டும் நனைத்துக்கொண்டாளா? தாகத்தோடுதான் இருந்தாளா? யாரைப் போய்க் கேட்பது?

அதே பெரியம்மா, ஒப்பாரி ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரியைப் பார்த்தாள். "இந்த மர டம்ளரு சுகருக்கு நல்லதாமேடி. நான் எடுத்துனு போறேன். தங்கச்சி ஞாபகமா இருக்கும்."

வாசலில் ஷாமியானா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அங்கிருந்தே சொன்னார். "அது வேற வாய்க்கு ஆவாதும்மா."

"யாருய்யா நீ?"

"கடைஞ்சவன்."

"செத்த வூட்ல வந்து டம்ளருக்கு நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"நீ எட்த்துனு போலாம். ஆனா மேல ஊத்திக்கும். அப்பால என்னைச் சொல்லாத."

மோளம் அடிக்கிற பையன்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அம்மா நடுவில் கிடக்கிறாள், இவர்கள் இரண்டு பேரும் டம்ளருக்குச் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டு பேரையும் அடிக்கலாம்போல இருந்தது. பெரியம்மா எடுத்துக்கொண்டுதான் போனாள்.

கருமாதிக்கு வரும்போது பேப்பரில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தாள். "இன்னாடி இது, ஓட்ட டம்ளரு. வாய்ல வெச்சா கய்த்துல ஊத்துது. என் பொடவை அல்லாம் போச்சு." அம்மா போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

ஆனால் அன்றைக்கே, எல்லோரும் போன பிறகு, நானும் அதில் குடித்துப் பார்த்தேன். எனக்கும் மேலே ஊற்றியது. ஜாக்கெட் நனைந்ததும் எங்கேயோ இருந்த கோபமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், மெஷின் பக்கத்தில் டொக்கென்று வைத்தேன்.

"இத்த சமமாக் கடைஞ்சு குடு. யாருக்கும் ஆவாத டம்ளர வெச்சிகினு நான் இன்னா பண்றது? எங்கம்மாவே இதுல ஒரு வாய் நிம்மதியாக் குடிக்கலையாம். ஊரே சொல்லுது."

அவர் மெஷினை நிறுத்தினார். டம்ளரை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விளிம்பில் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். தாழ்ந்த பக்கம் வந்ததும் விரல் நின்றது. மறுபடி அந்த இடத்தையே தடவினார்.

"இங்க வா. கை வெய்யி."

வைத்தேன். மற்ற இடமெல்லாம் மரம் மரமாக இருந்தது. அந்த ஒரு இடம் மட்டும், ஒரு உதட்டு அகலத்துக்கு, கறுத்து, வழுவழுவென்று இருந்தது.

"இந்த எடத்துலதான் நீ அன்னிக்குப் புடுங்கினு போன. உப்புத்தாளே போடல. சொரசொரன்னு இருந்துச்சி. இப்பப் பாரு, கண்ணாடி மாரி கீது. சொம்மா உனுக்காக நாலு வாய் நனைச்சா மரம் இப்டி ஆவாது."

நான் மறுபடி அந்த இடத்தைத் தடவினேன்.

"யக்கா நல்லாத்தான் குடிச்சிக்கீது. வயிறாரக் குடிச்சிக்கீது."

"நெஜமாவா?" என்றேன்.

"உன்னை சமாதானம் பண்றதா என் வேலை? போ, எனுக்கு கட்டில் காலு கீது."

டம்ளரை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பட்டறை வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, சத்தமாக வந்தது. மில்லில் மாவுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை, மற்றவர்களும் திரும்பிக்கொண்டார்கள். மனுஷி இப்படி உட்கார்ந்திருக்கிறேன், இந்த ஆளுக்குக் கட்டில் கால்தான் முக்கியமா என்று எட்டிப் பார்த்தேன்.

மெஷினில் மரமே மாட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தார். நான் அழுது முடித்து எழுந்து போகிற வரைக்கும் அது வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.